ஹோலில் ஒரு கொன்சோல், வீடு முழுக்கப் படம்: உங்கள் வீட்டில் எப்படிச் செய்திருக்கிறீர்கள்?

மூன்றாம்மாடி · வெள்ளவத்தை · சனி, இரவு 11.20

வணக்கம். ஒன்றரை மாதமாக வேலை முடிந்து வந்து இரவிரவாக மினக்கெட்ட ஒரு விஷயத்தை எழுதுகிறேன். பாதி சந்தோஷம், பாதி கேள்வி.

எங்கள் வீட்டுக்கு 2010-இல் பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3) வந்தது. லண்டனில் இருந்து வந்த மாமா கொண்டுவந்தார். அப்பா அதை ஹோல் டிவியில் பூட்ட விட்டதற்கு ஒரே காரணம், அதில் டிவிடியும் புளூரேயும் ஓடும் என்பதுதான். வெறும் விளையாட்டுப் பெட்டி என்றால் அறைக்குள் கொண்டுபோய் வை என்றிருப்பார். பிறகு அறையில் இருந்த கணினியில் பிஎஸ்3 மீடியா சேர்வர் என்ற இலவச மென்பொருளைப் போட்டேன். கணினியில் இருக்கிற படம் கேபிள் வழியாக ஹோலுக்குப் போகும். பிஎஸ்3-க்குப் புரியாத எம்கேவி கோப்பு என்றால், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது மாற்றிக் கொடுத்துவிடும். அம்மா கொன்ட்ரோலரை ரிமோட் மாதிரிப் பிடிக்கப் பழகினார். எக்ஸ் பட்டனை இன்றைக்கும் 'பெருக்கல்' என்றுதான் சொல்வார். 'பெருக்கலை அமத்துங்கோ, படம் வரும்' என்று அம்மம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

போன வருடம் யுனிட்டி பிளாசாவில் பாவித்த பிஎஸ்5 ஒன்று வாங்கினேன். விளையாட்டைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கொன்ட்ரோலரில் வில்லின் நாண் இழுபடுவதை விரலில் உணர்ந்த முதல் இரவு நான் படுக்க மூன்று மணி ஆனது. ஆனால் அம்மா வந்து 'என்ர படங்கள் எங்கே?' என்று கேட்டபோதுதான் தெரிந்தது, வீட்டுக் கணினியில் இருக்கும் படங்களைத் தேடிக் காட்டும் டிஎல்என்ஏ வசதி பிஎஸ்5-இல் இல்லை. பிஎஸ்4-உம் 2013-இல் அது இல்லாமல்தான் வந்தது, 2015-இல் மீடியா பிளேயர் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். 2020-இல் வந்த பிஎஸ்5-க்கு அதுவும் கிடைக்கவில்லை. யூஎஸ்பியில் போட்டுப் பார்க்கலாம், இல்லையென்றால் பிளெக்ஸ் என்ற மென்பொருள் வழியாகப் பார்க்கலாம்.

அதனால் திரை உடைந்த என் பழைய லப்டொப்பை அலுமாரிக்கு மேலே வைத்து, அதில் பிளெக்ஸ் சேர்வர் போட்டு, ரவுட்டருக்குக் கேபிள் இழுத்தேன். அதில் நான் காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்குகள் கோப்பாக இருக்கின்றன. போட்டோக்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் விடப் பெரிய சொத்து, எங்கள் குடும்பத்தின் 11 விஎச்எஸ் கசெட்டுகள். அம்மா அப்பாவின் கல்யாணம், தங்கச்சியின் முதலாவது பிறந்தநாள், தாத்தா உயிரோடு இருந்தபோது எடுத்த ஒரு பொங்கல். ஒரு சின்ன யூஎஸ்பி கருவி வாங்கி, டெக்கில் ஓடவிட்டு எல்லாவற்றையும் கணினிக்குள் எடுத்தேன்.

கேள்வி இரண்டு. ஒன்று: அப்பா ஹோலில் புளூரே கோப்பு ஒன்றைப் பார்க்கும்போது நான் லப்டொப்பில் இருந்து கோப்புகளை என் அறைக் கணினிக்கு எடுத்தால் படம் நின்று நின்று போகிறது. வைஃபை அல்ல, கேபிள்தான். இரண்டு: கல்யாண வீடியோ பிஎஸ்5-இல் வடிவாக ஓடவில்லை. மாப்பிள்ளை நடந்து வரும்போது நடை தடுக்குவது மாதிரி இருக்கிறது. அதே கோப்பு என் கணினித் திரையில் பரவாயில்லை.

கொட்டாஞ்சேனை13 · சனி, இரவு 11.48

அண்ணா, 'பெருக்கல்' என்று வாசித்ததும் எங்கள் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் எக்ஸ்பொக்ஸில் ஏ பட்டனை 'பச்சை' என்பார்.

கேபிள் விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், இது எனக்குப் பெரிய விருப்பமான கதை. நீங்கள் போட்டிருக்கும் பிளெக்ஸ் பிறந்ததே ஒரு கேம் கொன்சோலில் இருந்துதான். முதலாவது எக்ஸ்பொக்ஸைத் திறந்து மாற்றி அதில் படம் பார்ப்பதற்காகச் சிலர் எக்ஸ்பொக்ஸ் மீடியா சென்டர் என்ற மென்பொருளை எழுதினார்கள். அதன் மூல நிரலை எடுத்து மேக் கணினிக்கு மாற்றியவர்களின் வேலைதான் பிறகு பிளெக்ஸ் ஆனது. அந்த எக்ஸ்பொக்ஸ் மீடியா சென்டரே 2014-இல் கோடி (Kodi) என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2017 கடைசியில் எக்ஸ்பொக்ஸ் ஒன்னுக்கு முறையாகத் திரும்பி வந்தது. பிறந்த வீட்டுக்கு வந்த மாதிரி. நான் எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸில் இப்போது அதைத்தான் பாவிக்கிறேன்.

வீட்டுக்குள் மட்டும் பார்ப்பதென்றால் பிளெக்ஸ் இலவசம்தான். 2025 ஏப்ரலில் இருந்து வெளியில் இருந்து பார்க்கக் காசு கேட்கிறார்கள். லண்டனில் இருக்கும் மாமாவுக்குக் கல்யாண வீடியோ காட்ட யோசிக்கிறீர்கள் என்றால் ஜெலிஃபின் என்ற சேர்வர் மென்பொருளையும் பாருங்கள். 2018 டிசம்பரில் எம்பி (Emby) என்ற மென்பொருளில் இருந்து பிரிந்தது, முழுக்க இலவசம். பிஎஸ்5-க்கு அதன் ஆப் கிடையாது, அது ஒரு குறை. டிவிக்கும் போனுக்கும் இருக்கிறது.

வயர்காரன் · தெகிவளை · ஞாயிறு, காலை 6.35

மூன்றாம்மாடி தம்பி, முதலாவது கேள்விக்குப் பதில் அநேகமாக உங்கள் கேபிளின் நுனியில்தான் இருக்கிறது. நான் தொடர்மாடிகளுக்கு நெட்வேர்க் வயர் இழுக்கிறவன், இதை மாதத்துக்கு நாலு தடவையாவது பார்க்கிறேன்.

அந்தக் கேபிளுக்குள் எட்டு வயர், நாலு சோடி. விநாடிக்கு 100 மெகாபிட் போக இரண்டு சோடி போதும். 1000 போக வேண்டுமென்றால் நாலு சோடியும் வேண்டும். கேபிளின் நுனித் தலையை அமத்தும்போது, 100-க்குத் தேவைப்படாத மற்ற இரண்டு சோடியில் ஒரு வயர் சரியாக உள்ளே போகாவிட்டாலும் இணைப்பு அறுபடாது. நெட் வேலை செய்யும், விளக்கு எரியும், எல்லாம் சரி மாதிரித்தான் இருக்கும். ஆனால் இரண்டு பக்கமும் பேசிப் பார்த்து 100-க்கு இறங்கிவிடும். யாரும் கவனிப்பதில்லை.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். புளூரே டிஸ்க்கில் வீடியோ மட்டும் விநாடிக்கு 40 மெகாபிட் வரை போகலாம், சத்தமும் சேர்ந்தால் 48. லப்டொப்பில் இருந்து படம் அப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது நீங்களும் அதே லப்டொப்பில் இருந்து கோப்பு எடுக்கிறீர்கள். கோப்பு எடுப்பது இருக்கிற பாதை முழுவதையும் பிடிக்கப் பார்க்கும். 100-க்குள் இரண்டும் அடிபடும். 1000 என்றால் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது.

லப்டொப்பில் நெட்வேர்க் இணைப்பின் வேகம் என்னவென்று பாருங்கள். 100 என்று காட்டினால் இரண்டு தலையையும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக அடியுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை விடாதீர்கள். வெட்டிய நுனியில் செம்பு கறுத்திருந்தால் இன்னும் ஓரடி வெட்டுங்கள். வெள்ளவத்தையில் கடல் பக்க வீடு என்றால் உப்புக் காற்று செம்பைத் தின்றுவிடும். வாங்கும்போது முழுச் செம்பு கேபிளாகக் கேளுங்கள். அலுமினியத்துக்குச் செம்பு பூசிய கேபிள் மலிவாகக் கிடைக்கும், வேண்டாம்.

டிவிக்கு நேரே கேபிள் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிறைய டிவிகளில் இருக்கும் கேபிள் துளையே 100-தான். 4கே புளூரே டிஸ்க் 100 மெகாபிட்டுக்கு மேலேயும் போகக்கூடியது, அந்தத் துளையால் போகாது. அங்கே 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபை கேபிளை விட நன்றாக வேலை செய்யும். வயர் இழுத்துப் பிழைக்கிற நானே சொல்கிறேன்.

இரவுப்பறவை · ஞாயிறு, காலை 9.10

வயர்காரன் அண்ணா சொன்னதை வைத்து என் வீட்டையும் பார்த்தேன். 1000. நிம்மதி.

கேபிளைப் பற்றிப் பேசுவதால் ரிமோட் பிளேயையும் சேர்த்துச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஒரே டிவி. இரவு ஏழு மணியில் இருந்து ஒன்பதரை வரை அது மாமியின் நாடகங்களுக்கு. அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, பகல் முழுக்க என் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். அந்த நேரத்தில் நான் கட்டிலில் இருந்தபடி போனில் கொன்ட்ரோலரைப் பொருத்தி பிஎஸ்5 விளையாடுவேன். டிவிக்கு ஒன்றும் தெரியாது.

முதலில் அது விளையாடவே முடியாத மாதிரி இருந்தது. பட்டனை அமத்தினால் ஆள் தாமதமாகக் குதிப்பார். சோனி சொல்கிற குறைந்த வேகம் 5 மெகாபிட், நல்லாக இருக்க 15. எங்கள் வீட்டில் அதைவிடப் பல மடங்கு இருந்தது. பிறகு கணவர்தான் கண்டுபிடித்தார். கொன்சோலும் வைஃபை, போனும் வைஃபை. விளையாட்டின் ஒவ்வொரு தனிப் படமும் (ஃபிரேம்) கொன்சோலில் இருந்து ரவுட்டருக்குக் காற்றில் ஒரு தடவை, ரவுட்டரில் இருந்து போனுக்கு இன்னொரு தடவை. இரண்டும் ஒரே அலைவரிசையில் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நிற்க வேண்டும். கொன்சோலைக் கேபிளுக்கு மாற்றியதும் பாதிப் பாரம் குறைந்தது. விநாடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 17 மில்லிவிநாடிகூட இல்லை. அவ்வளவு சின்ன நேரத்தில் வழிவிட்டுக்கொண்டு நிற்க முடியாது.

அப்புறம், போனை 5 கிகாஹேர்ட்ஸில் வையுங்கள். 2.4-இல் ஒன்றோடொன்று முட்டாத அலைவரிசைகள் 1, 6, 11 என்று மூன்றுதான். எங்கள் தொடர்மாடியில் என் போனுக்குத் தெரிகிற வைஃபை பெயர்கள் 23.

பழையடிஸ்க் · பம்பலப்பிட்டி · ஞாயிறு, பிற்பகல் 2.05

எல்லோரும் சேர்வர், கேபிள் என்று போகிறீர்கள். நான் வேறு பக்கம். டிஸ்க்கை எடுத்து உள்ளே போட்டால் படம் வருகிறது. அதற்கு ஏன் ஒரு லப்டொப் நாள் முழுக்க ஓட வேண்டும்?

விளையாட்டுக்கும் அதே கதைதான். பிஎஸ்என் (பிளேஸ்டேஷன் நெட்வேர்க்) கணக்குத் தொடங்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. நாங்கள் எல்லோரும் வேறொரு நாட்டின் பெயரில்தான் கணக்கு வைத்திருக்கிறோம். 2024 மேயில் ஹெல்டைவர்ஸ் 2 விளையாட்டைக் கணினியில் விளையாட பிஎஸ்என் கணக்குக் கட்டாயம் என்று அறிவித்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் சில நாளிலேயே கைவிட்டார்களே, அப்போதுதான் எங்கள் மாதிரி நாடுகள் எத்தனை என்று மற்றவர்களுக்கும் தெரிந்தது. நான் இல்லாத ஊரின் பெயரில் இருக்கும் ஒரு கணக்கை நம்பி என் விளையாட்டுகளை விட முடியாது. டிஸ்க் என் கையில் இருக்கிறது. விளையாடி முடிந்தால் யுனிட்டி பிளாசாவுக்குப் போய் மாற்றிக்கொண்டு வருவேன். பிஎஸ்5 புரோ 2024-இல் டிஸ்க் டிரைவ் இல்லாமல் வந்தபோது எனக்கு உண்மையிலேயே மனம் கஷ்டமாக இருந்தது. டிரைவைத் தனியாக வாங்கிப் பூட்டலாம் என்பது ஒரு ஆறுதல்.

புதிதாக வாங்குகிறவர்கள் கவனியுங்கள்: டிஸ்க் எந்த வலயத்துக்கு வந்ததோ அந்த வலயக் கணக்கில்தான் அதற்கான மேலதிகப் பகுதிகளை வாங்க வேண்டும். ஐரோப்பிய டிஸ்க்கை வைத்துக்கொண்டு அமெரிக்கக் கணக்கில் வாங்கினால் காசு போனதுதான். எனக்கு நடந்திருக்கிறது.

மூன்றாம்மாடி · ஞாயிறு, மாலை 5.30

வயர்காரன் அண்ணா, லப்டொப் 100 என்று காட்டுகிறது!! ஒரு மாதமாக மென்பொருளில் தேடிக்கொண்டிருந்தேன். தலை அடிக்கிற கருவி பக்கத்து வீட்டில் இருக்கிறது, இன்றைக்கு இரவு செய்கிறேன்.

பழையடிஸ்க் அண்ணா, விளையாட்டைப் பற்றி நீங்கள் சொன்னது எல்லாம் சரி, நானும் டிஸ்க்தான் வாங்குகிறேன். ஆனால் தாத்தாவின் பொங்கலுக்கு டிஸ்க் கிடையாது. ஒரே கசெட். அதில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்திருந்தது, ஓடவிடுவதற்கு முன்னர் துடைக்கவே ஒரு நாள் போனது. இப்போது அது லப்டொப்பிலும் இருக்கிறது, தனி ஹார்ட்டிஸ்க் ஒன்றிலும் இருக்கிறது, அந்த ஹார்ட்டிஸ்க் சித்தி வீட்டில் இருக்கிறது. போன கிழமை அம்மம்மா தன் அறையில் இருந்தபடியே டிவியில் தாத்தாவைப் பார்த்தார். அவர் ஹோல்வரை நடந்து வர முடியாது. சேர்வர் இல்லாவிட்டால் அது நடந்திருக்காது.

கசெட்காலம் · கொழும்பு 13 · ஞாயிறு, இரவு 8.15

இந்த இழையை மகள் அனுப்பினாள். நான் இப்போது விளையாடுகிறவன் அல்ல, ஆனால் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். 18 வருடம் கொழும்பில் கல்யாண வீடியோ எடுத்தவன். தம்பி வீட்டுக் கல்யாணமும் நான் எடுத்ததாக இருக்கலாம்.

நாங்கள் எடுத்தது பால் (PAL) என்ற டிவி முறையில். விநாடிக்கு 25 படம் என்று சொல்வார்கள், அது பாதி உண்மை. உண்மையில் விநாடிக்கு 50 அரைப்படம். ஒற்றை வரிகள் ஒரு தடவை, இரட்டை வரிகள் அடுத்த தடவை. இரண்டுக்கும் நடுவில் கமரா முன்னால் ஆள் நகர்ந்திருப்பார். ஆகவே அசைவு 50 தடவை பதிவாகியிருக்கிறது. கணினிக்கு எடுத்தபோது அந்த இரண்டையும் ஒன்றாக்கி 25 ஆக்கிவிட்டீர்கள் என்றால் அசைவில் பாதியை இழந்துவிட்டீர்கள். தாலி கட்டிய பிறகு பெண்கள் குனிந்து நிமிர்ந்து அட்சதை போடுகிற இடத்தில் பாருங்கள், உடனே தெரியும்.

மகளிடம் கேட்டேன், பிஎஸ்5 டிவிக்கு விநாடிக்கு 60 என்றுதான் அனுப்புகிறதாம். 25-ஐ 60-க்குள் அடுக்க முடியாது. ஒவ்வொரு படமும் 2.4 தடவை நிற்க வேண்டும், அது முடியாததால் ஒன்று இரண்டு தடவை, ஒன்று மூன்று தடவை என்று நிற்கும். மாப்பிள்ளையின் நடை தடுக்குவது அதனால்தான். 50 ஆக மாற்றினாலும் ஒவ்வொரு ஐந்தாவது படமும் இரட்டிக்கும். விநாடிக்குப் பத்துத் தடவை. முன்னையதை விட நல்லது, ஆனால் கமரா பழகிய கண்ணுக்குத் தெரியும்.

ஆகவே மூலக் கோப்பில் இருந்து மறுபடி செய்யுங்கள். மூலக் கோப்பை அழித்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில், வரிகளைப் பிரிக்கிற இடத்தில் பொப் (Bob) என்ற தெரிவு இருக்கிறது, அது 50 அரைப்படத்தையும் 50 முழுப்படமாக்கும். அதைப் பிஎஸ்5-இல் போடாமல் டிவியின் சொந்த ஆப்பில் போடுங்கள். எங்கள் ஊரில் விற்கிற டிவி 50-ஐ 50 ஆகவே காட்டும். எக்ஸ்பொக்ஸ் வைத்திருக்கிற தம்பிக்கு அமைப்பில் 50 ஹேர்ட்ஸை அனுமதி என்று ஒரு இடம் இருக்கிறதாம்.

இன்னொன்று. லண்டனில் இருந்து வந்த அந்தப் பிஎஸ்3-ஐ வீசிவிடாதீர்கள். அது பால் முறைப் பெட்டி. கல்யாணத்தை டிவிடியாக எழுதிப் போட்டால் 50-இலேயே அனுப்பும். எங்கள் வீட்டில் என் பழைய வேலைகளை நான் அதில்தான் பார்க்கிறேன்.

கசெட்டுகளையும் வீசாதீர்கள். நிமிர்த்தி வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். டெக்கைப் பத்திரமாக வையுங்கள். உலகத்தில் கடைசியாக டெக் செய்துகொண்டிருந்த ஃபுனாய் நிறுவனம் 2016-இல் நிறுத்திவிட்டது. இனி இருக்கிறதுதான்.

இரவுப்பறவை · ஞாயிறு, இரவு 8.52

கசெட்காலம் ஐயா, இதை வாசித்துவிட்டு எங்கள் வீட்டுக் கசெட்டுகளை இப்போதுதான் நிமிர்த்தி வைத்தேன். மிக்க நன்றி.

கொட்டாஞ்சேனை13 · ஞாயிறு, இரவு 9.20

50 ஹேர்ட்ஸ் இடம் உண்மையிலேயே இருக்கிறது, வீடியோ முறைகளுக்குள். ஐந்து வருடமாக இந்தப் பெட்டி வைத்திருக்கிறேன், திறந்து பார்த்ததே இல்லை. அக்காவின் சாமத்திய வீட்டு வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். ஐயா, தண்ணீர் ஊற்றும் இடத்தில் தண்ணீர் தண்ணீர் மாதிரியே விழுகிறது.

லப்டொப் ஏன் நாள் முழுக்க ஓட வேண்டும் என்று பழையடிஸ்க் அண்ணா கேட்டாரே, அதற்குக் கரண்ட் கணக்கு இது. பிஎஸ்5 விளையாடும்போது ஏறத்தாழ 200 வாட் எடுக்கும். நாளுக்கு இரண்டு மணித்தியாலம் என்றால் மாதம் 12 அலகு. சேர்வராக 10 வாட் அளவில் ஓடும் சின்னப் பெட்டி ஒன்று வைத்தால் இரவு பகல் ஓடினாலும் மாதம் 7 அலகு சொச்சம். அலகு கூடக் கூட ஒரு அலகின் விலையும் ஏறுகிற ஊர் இது என்பதால் எங்கள் வீட்டில் எழுதிவைத்துத்தான் பார்த்தேன். லப்டொப் இதைவிடக் கொஞ்சம் கூட எடுக்கும், ஆனால் அதற்குள்ளேயே பற்றரி இருக்கிறது. 2022-இல் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு வந்த நாட்களில் ரவுட்டருக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் வாங்கினோம். லப்டொப்பும் ரவுட்டரும் உயிரோடு இருந்ததால் இருட்டுக்குள் போனிலேயே வீட்டுப் படங்களைப் பார்த்தோம். நெட் தேவையே இல்லை. தம்பிக்கு அப்போது ஆறு வயது, அவன் மின்வெட்டு வந்தால் சந்தோஷப்படுவான்.

பழையடிஸ்க் · ஞாயிறு, இரவு 9.41

7 அலகு என்றால் நான் நினைத்ததை விடக் குறைவு. அம்மம்மாவின் கதையை வாசித்த பிறகு எனக்கும் மறுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டிலும் நாலு கசெட் இருக்கிறது, டெக் இல்லை. பம்பலப்பிட்டிப் பக்கம் வேலை செய்கிற டெக் யாரிடமாவது இருந்தால் இரண்டு நாளைக்குத் தருவீர்களா? பத்திரமாகத் திருப்பித் தருவேன்.

விளையாட்டு டிஸ்க் விஷயத்தில் நான் மாறவில்லை.

வயர்காரன் · ஞாயிறு, இரவு 9.58

தம்பி தலையை அடித்தாயிற்றா?

மூன்றாம்மாடி · திங்கள், அதிகாலை 12.47

அடித்தாயிற்று. முதல் தடவை பிழைத்துவிட்டது, நிற வரிசையை மாற்றிவிட்டேன். இரண்டாவது தடவை 1000 என்று காட்டியது. பழைய தலையைப் பிரித்துப் பார்த்தேன், மண்ணிற வயர் நுனிவரை போகவே இல்லை. அப்பா நாளைக்கு வேலைக்குப் போக வேண்டியவர், இருந்தாலும் ஒரு புளூரே கோப்பைப் போட்டுவிட்டு என்னை லப்டொப்பில் இருந்து கோப்பு எடுக்கச் சொன்னார். 40 ஜிபி எடுத்தேன். ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

கசெட்காலம் ஐயா, மூலக் கோப்புகள் எல்லாம் இருக்கின்றன. கல்யாணத்தை மட்டும் 50-க்கு மாற்றி, அம்மம்மாவின் அறை டிவியில் இருக்கும் ஆப்பில் போட்டோம். எல்லோரும் அந்த அறைக் கட்டிலில்தான் இருந்தோம். அப்பா நடந்து வருகிறார், தடுக்கவில்லை. அம்மா ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார். பின்னால் ஒரு தூணருகே நிற்கிற பெண்ணைக் காட்டி, அது தன்னோடு படித்தவர் என்றும், அவர் கல்யாணத்துக்கு வந்தது இத்தனை வருடமாகத் தனக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

பிஎஸ்3-ஐ இன்றைக்கே தூசு தட்டி அம்மம்மாவின் அறையில் பூட்டப் போகிறேன். பழையடிஸ்க் அண்ணா, எங்கள் டெக் வேலை செய்கிறது. சனிக்கிழமை வாருங்கள், தனிமடலில் இடம் சொல்கிறேன். டெக்கின் தலையைத் துடைக்கிற திரவமும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.